நாற்பது அடிக் கணக்கில் விட்டுப்போனவை

கனடாவின் சஸ்காட்செவன் மாநிலத்துக் கோதுமை வயல்களைப் பற்றிக் கடந்த இதழில் வந்த கட்டுரை படிக்க உற்சாகமாக இருந்தது. ஆபத்தும் அந்த உற்சாகத்தில்தான் இருக்கிறது. முப்பது வயதான ஜான் டியர் 9600 கம்பைன் ஒன்றின் முன்னால் 40 அடி அகல டிரேப்பர் ஹெட்டரை மாட்டிவிட்டால் போதுமாம். பல லட்சம் டாலர் கொட்டிப் புதிய இயந்திரம் வாங்கிய பக்கத்து வயல்காரர் வெட்கித் தலைகுனிவாராம். இதை வேண்டாம் என்று சொல்பவர் எல்லாரும் கட்டுரையாளர் பார்வையில் விற்பனையாளர்களின் ஆட்கள். நான் எந்தக் கம்பெனியின் ஆளும் இல்லை. பென்சிலும் காகிதமும் எடுத்து அவர் போட்ட கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன். பெருக்கல் சரியாக இருக்கிறது. அதைத் தவிர வேறெதுவும் சரியாக இல்லை.

இந்த இயந்திரங்களோடு பழக்கமில்லாதவர்களுக்காகச் சில வரிகள். கம்பைன் மூன்று வேலை செய்கிறது: அறுக்கிறது, அடிக்கிறது, தூற்றுகிறது. அறுப்பது முன்னால் நீளும் ஹெட்டரின் வேலை. பழைய வகை ஹெட்டரில் வெட்டிய பயிரை இரு புறமிருந்தும் நடுவுக்குத் தள்ளிவருவது ஆகர் என்னும் திருகு உருளை. டிரேப்பரில் அந்த வேலையை ரப்பர் பெல்ட்டுகள் செய்கின்றன. கதிர் முன்னே, தாள் பின்னே என்று பயிர் படுத்தபடியே சீராக உள்ளே போகும். வின்னிபெக் நகரத்து மேக்டான், சஸ்காட்செவனின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃப்ரன்டியர் என்ற சிற்றூரில் 1979இல் தொடங்கிய ஹனி பீ ஆகிய இரண்டும் இந்த டிரேப்பரில் பெயர் வாங்கியவை. ஹெட்டருக்குப் பின்னால் ஃபீடர் ஹவுஸ் என்னும் சங்கிலி ஏணி பயிரை மேலே இழுத்துச் செல்கிறது. உள்ளே சுழலும் சிலிண்டர் கதிரை அடிக்கிறது. வைக்கோலில் சிக்கிய மணியை உலுக்குத் தட்டுகள் உதிர்க்கின்றன. கடைசியில் சல்லடையும் காற்றாடியும் தூற்றி முடிக்கின்றன. நம் டெல்டாவில் ஓடும் பெல்ட் வகை நெல் அறுவடை வண்டியின் வெட்டு அகலம் இரண்டு மீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். அங்கே 30 அடி என்பது சாதாரணம்.

கட்டுரையாளரின் கணக்கு இது. மணிக்கு 4 மைல் வேகத்தில் 30 அடி ஹெட்டர் ஒரு மணி நேரத்தில் 14.5 ஏக்கர் அறுக்கும், 40 அடி ஹெட்டர் 19.4 ஏக்கர் அறுக்கும். ஒரு செக்‌ஷன், அதாவது 640 ஏக்கர், 44 மணி நேரத்துக்குப் பதில் 33 மணி நேரத்தில் முடிந்துவிடும். அறுவடைக் காலத்தில் பதினொரு மணி நேரம் என்பது ஒரு முழு நாள். மழையும் உறைபனியும் மிரட்டும் செப்டம்பரில் ஒரு நாளின் மதிப்பு யாருக்கும் புரியும். ஆக, நாற்பதடி வாங்குங்கள்.

இந்தக் கணக்கில் கம்பைன் எங்கே இருக்கிறது? ஹெட்டர் இருக்கிறது, வேகம் இருக்கிறது, ஏக்கர் இருக்கிறது. அறுத்த பயிர் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏக்கருக்கு 50 புஷல் விளையும் கோதுமையை எடுத்துக்கொள்வோம். ஒரு புஷல் கோதுமை 27 கிலோ சொச்சம். 30 அடி ஹெட்டரோடு 4 மைல் வேகத்தில் போனால் மணிக்கு ஏறக்குறைய 20 டன் தானியம் உள்ளே வருகிறது. 40 அடி ஹெட்டரோடு அதே வேகத்தில் போனால் 26 டன்னுக்கு மேல். தாளும் ஏறத்தாழ அதே எடை என்று கொண்டால், மணிக்கு 40 டன் சரக்கைத் தின்றுகொண்டிருந்த இயந்திரத்தின் முன்னால் 53 டன்னைக் கொண்டுவந்து கொட்டுகிறோம். சிலிண்டரின் அகலம் கூடவில்லை. உலுக்குத் தட்டு நீளவில்லை. சல்லடையில் ஒரு துளைகூட அதிகமாகவில்லை. 260 குதிரைத்திறன் எஞ்சினும் அன்று இருந்ததுதான், முப்பது ஆண்டுத் தேய்மானம் நீங்கலாக. அரிசி மில்லில் தொட்டியைப் பெரிதாக்கிவிட்டு, இனி நெல் வேகமாக அரைபடும் என்று அறிவிக்கும் முதலாளியை ஊரே கேலி செய்யும். அதே வாதம் கனடாவிலிருந்து வந்தால் கட்டுரையாகிவிடுகிறது.

உண்மையில் நடப்பது வேறு. இயந்திரம் திணறுவதை ஓட்டுபவர் காதால் கேட்கிறார். எஞ்சின் முனகும்போது வேகத்தைக் குறைக்கிறார். 4 மைல் 3 மைல் ஆகிறது. 40 அடி அகலத்தோடு 3 மைல் வேகத்தில் போனால் மணிக்கு எத்தனை ஏக்கர் என்று கட்டுரையாளர் போட்டுப் பார்க்கட்டும். 14.5. முன்பு 30 அடியில் கிடைத்த அதே 14.5. திருப்பங்கள் கொஞ்சம் குறையும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதற்காகவா இந்தச் செலவு?

வேகத்தைக் குறைக்காதவர் நிலை இன்னும் மோசம். அவருக்கு இழப்பு தெரியாது, ஏனென்றால் அது பின்னால் விழுகிறது. சஸ்காட்செவனின் ஹம்போல்ட் ஊரில் 1970களில் தொடங்கப்பட்ட ப்ரேரி வேளாண் இயந்திர நிறுவனம், அந்தக் காலத்துக் கம்பைன்களை வயலில் ஓட்டிச் சோதித்து அறிக்கைகள் வெளியிட்டது. ஒரு கம்பைனின் திறனை அவர்கள் ஏக்கரால் அளக்கவில்லை, ஹெட்டர் அகலத்தாலும் அளக்கவில்லை. தானியம் தவிர்த்த சரக்கு, அதாவது தாளும் பதரும், மணிக்கு எத்தனை டன் உள்ளே போகும்போது தானிய இழப்பு மூன்று சதவீதத்தைத் தொடுகிறது என்று பார்த்தார்கள். அந்தப் புள்ளிதான் இயந்திரத்தின் திறன். அந்த அறிக்கைகளிலுள்ள கோடுகள் ஒரு விஷயத்தில் ஒன்றுபோல இருக்கும். சரக்கு கூடும்போது இழப்பு முதலில் மெல்ல ஏறும், ஓர் அளவுக்குப் பிறகு செங்குத்தாக எகிறும். உலுக்குத் தட்டு வகை இயந்திரங்களில் இந்த எகிறல் இன்னும் கடுமையாக இருக்கும். வைக்கோல் படுக்கை தடித்துவிட்டால் மணி அதை ஊடுருவிக் கீழே இறங்க நேரம் போதாது. வைக்கோலோடு சேர்ந்து பின்வாசல் வழியே வெளியேறிவிடும். 9600 அந்த வகை இயந்திரம். 1989இல் அதை வடிவமைத்தவர்களுக்கு இந்தக் கோடு தெரியும். அதைப் புகழ்ந்து எழுதியவருக்குத் தெரியவில்லை.

இழப்பைப் பற்றி அவர் எதுவுமே சொல்லவில்லை என்றும் கூற முடியாது. வண்டிக்குப் பின்னால் இறங்கி நடந்து, காலால் வைக்கோலைத் தள்ளிப் பார்த்ததில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணிகள் கிடந்தன என்று எழுதியிருக்கிறார். காலால் தள்ளிப் பார்ப்பதுதான் சோதனை என்றால் பாத்திரம் எதற்கு, தராசு எதற்கு? அந்த ஊர் விவசாயிகள் இதற்கென்றே ஒரு தட்டு வைத்திருக்கிறார்கள். ஓடும் கம்பைனின் அடியில் அதைப் போட்டு, விழுந்ததைத் தூற்றி எண்ணுவார்கள். கோதுமையில் ஒரு சதுர அடிக்கு 20 மணி என்றால் ஏக்கருக்கு ஒரு புஷல் இழப்பு என்பது அங்கே பொதுவான அளவுகோல். ஆனால் அந்த 20 மணி என்பது அறுத்த அகலம் முழுவதும் பரவலாக விழுந்தால். வைக்கோலைச் சிதறடிக்காமல் அப்படியே கீழே விட்டால், 40 அடி அகலத்தில் அறுத்தது எல்லாம் ஏறக்குறைய ஐந்தரை அடி அகலப் பட்டையில் வந்து விழுகிறது. ஏழு மடங்குக்கு மேல் குவியும். அந்தப் பட்டையில் சதுர அடிக்கு 145 மணி கிடந்தால்தான் ஏக்கருக்கு ஒரு புஷல். 30 அடி ஹெட்டரில் அதே இழப்புக்கு 110 கிடந்தால் போதும். இந்த வகுத்தலைச் செய்யாமல் வைக்கோல் மெத்தைக்கு அடியிலிருக்கும் மணியைச் செருப்புக் காலால் தேடுகிறவருக்கு என்ன தெரியும்?

ஒரு செக்‌ஷனில் 50 புஷல் வீதம் 32,000 புஷல் விளைகிறது. இழப்பு ஒரு சதவீதத்திலிருந்து நாலு சதவீதத்துக்குப் போனால் 960 புஷல் அதிகமாக மண்ணுக்குப் போகிறது. 26 டன் கோதுமை. சேமித்ததாகச் சொல்லும் பதினொரு மணி நேரத்துக்கு அவர் கொடுத்த கூலி அது.

இவ்வளவுக்கும் நடுவில் அவருடைய உதாரண இயந்திரம் எப்படி 4 மைல் வேகத்திலேயே சந்தோஷமாக ஓடியது? விடை அவர் கட்டுரையிலேயே இருக்கிறது, ஆண்டைக் குறிப்பிடும் ஒரே ஒரு வாக்கியத்தில். அவர் பார்த்தது 2021 அறுவடை. மேற்குக் கனடாவை வறட்சி வாட்டிய ஆண்டு அது. நாட்டின் கோதுமை உற்பத்தி முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. அதிலும் அவர் நின்றது ஸ்விஃப்ட் கரன்ட் பக்கத்து வறண்ட தென்மேற்கில். முழங்கால் உயரத்தில் காற்றுக்கு நடுவே நின்ற பயிர். ஏக்கருக்கு 20 புஷலோ 25 புஷலோ தரும் பயிரை அறுக்க 40 அடி என்ன, அதற்கு மேலும் மாட்டலாம். உள்ளே போக ஒன்றும் இல்லை. பட்டினி கிடந்த இயந்திரத்துக்கு வயிறு சரியில்லாமல் போகவில்லை என்பதை அவர் ஜீரண சக்திக்குச் சான்றிதழாகக் கொடுக்கிறார்.

மெலிந்த பயிரில் அகல ஹெட்டருக்கு நியாயம் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமைப் பகுதியில் ஹெக்டேருக்கு இரண்டு டன்னை ஒட்டிய விளைச்சலுக்கு அகலமான டிரேப்பர்களை மாட்டுவது அர்த்தமுள்ள வேலை. பாதி வயிற்றோடு ஓடும் கம்பைன் மணியை உடைக்கும், தூற்றுவதும் ஒழுங்காக நடக்காது. வேகத்தைக் கூட்டி நிரப்பலாம் என்றால் மேடுபள்ளத்தில் 6 மைலுக்கு மேல் உடம்பு தாங்காது, வெட்டும் சீராக வராது. அங்கே அகலம்தான் வழி. கட்டுரையாளர் இதை மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் நான் எழுதவே வந்திருக்க மாட்டேன். வறண்ட நிலத்து விதிவிலக்கை எடுத்து, ஏக்கருக்கு 50, 60 புஷல் எடுக்கும் சஸ்காட்செவனின் மெல்ஃபோர்ட் பக்கத்துக் கருமண்காரர் தலையில் கட்டுவதைத்தான் பொறுக்க முடியவில்லை.

டிரேப்பர் சீராக ஊட்டுவதால் பழைய இயந்திரத்தின் திறனே கூடிவிடுகிறது என்பது அவருடைய இரண்டாவது வாதம். இதில் பாதி உண்மை. ஆகர் ஹெட்டரில் பயிர் கட்டிகட்டியாக, ஒரு நொடி நிறைய, மறு நொடி ஒன்றுமில்லாமல் போகும். சிலிண்டர் உறுமும், பெல்ட் வழுக்கும். டிரேப்பரில் அது இல்லை. அதனால் அதே கம்பைன் கொஞ்சம் கூடுதலாக, நிம்மதியாகத் தின்னும். அந்த நன்மை 30 அடி டிரேப்பரிலும் அப்படியே கிடைக்கிறது. பெல்ட்டால் வந்த லாபத்தை அகலத்தின் கணக்கில் எழுதுவது எந்த ஊர்ப் பேரேடு?

இனி எடை. இதைப் பற்றி அவர் எழுதியிருப்பது ஒரே வரி. பின் சக்கரத்தில் கொஞ்சம் பாரம் ஏற்றிக்கொண்டால் சரியாகிவிடும் என்று. பழைய 30 அடி ஆகர் ஹெட்டர் இரண்டு டன் சுமார். இணைப்புச் சட்டத்தோடு சேர்ந்த 40 அடி டிரேப்பர் மூன்று டன்னைத் தாண்டும். மிதவைச் சட்டம் என்னும் அந்த இணைப்பு, ஹெட்டரை மேலும் முன்னால் தள்ளிவைக்கிறது. நெம்புகோல் தெரிந்த பள்ளிப் பிள்ளைக்கு அடுத்தது புரியும். முன் அச்சுக்கு வெகு முன்னால் ஒரு டன்னைத் தொங்கவிட்டால், முன் அச்சின் மேல் கூடுவது ஒரு டன் அல்ல, தோராயமாக ஒன்றே முக்கால் டன். மீதி முக்கால் டன் பின் அச்சிலிருந்து பறிபோகிறது. கம்பைனில் திருப்புவது பின் சக்கரம். அது தரையில் அழுந்தாவிட்டால் ஸ்டீயரிங்கைச் சுற்றலாம், வண்டி தன் பாட்டுக்கு நேராகப் போகும். சரிவில் இறங்கும்போது பிரேக்கைத் தொட்டால் பின்புறம் தூக்கும்.

இதோடு தானியத் தொட்டியையும் சேருங்கள். 9600இன் தொட்டி 240 புஷல். கோதுமை நிரம்பினால் ஆறரை டன். அதில் பெரும்பகுதி முன் அச்சின் தோளில்தான். அந்த அச்சும், அதன் இறுதி கியர்களும், டயர்களும் இரண்டு டன் ஹெட்டரை மனதில் வைத்து வார்க்கப்பட்டவை. முப்பது ஆண்டு ஓடியவை. ஃபீடர் ஹவுஸைத் தூக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர் போதாமல் பெரிய விட்டத்துக்கு மாற்ற வேண்டிவரும். மாற்றினால் அந்த விசை ஃபீடர் ஹவுஸ் சட்டத்துக்கும் அதன் கீலுக்கும் போகும். அங்கே விரிசல் விடும். வெல்டிங் வைப்பார்கள். பக்கத்தில் இன்னொரு விரிசல் விடும். பின்னால் ஏற்றும் பாரம் திருப்பும் பிடியைத் திரும்பத் தரும், மறுப்பதற்கில்லை. முன் அச்சின் சுமையை அது பெரிதாகக் குறைக்காது. மொத்த எடை இன்னும் கூடும், ஈர மண் இன்னும் இறுகும். ஓட்டையை அடைக்க எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடும் யோசனை இது.

தொட்டி என்றதும் நினைவுக்கு வருகிறது, கட்டுரையில் முழுக்கவே காணாமல் போன ஒரு விஷயம். நிரம்பிய தொட்டியைக் காலி செய்வது எப்படி? அங்கே யாரும் கம்பைனை நிறுத்திக் கொட்டுவதில்லை. தானிய வண்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர் பக்கத்திலேயே ஓடிவரும், கம்பைன் அறுத்துக்கொண்டே நீண்ட குழாய் வழியாகக் கொட்டும். பழைய இயந்திரத்தின் குழாய், அந்தக் காலத்து 25 அடி, 30 அடி ஹெட்டரைத் தாண்டி எட்டும்படி அளந்து செய்தது. 40 அடி ஹெட்டரின் பாதி 20 அடி. அதற்கு வெளியே டிராக்டரின் பாதி அகலம், அங்கேதான் வண்டியின் நடு. குழாய் எட்டாது. நீட்டிப்பு வாங்கிப் போடலாம். அது குழாயின் கீலுக்கு இன்னொரு சுமை.

நீட்டாமல் நின்று கொட்டினால் என்ன ஆகும்? 50 புஷல் பயிரில் மணிக்கு 19.4 ஏக்கர் என்றால் 970 புஷல். 240 புஷல் தொட்டி பதினைந்து நிமிடத்தில் நிரம்பும். நின்று, வண்டியை அருகில் வரவழைத்து, கொட்டி, மறுபடி பிடித்துப் புறப்பட நாலு நிமிடம் என்று வையுங்கள். பத்தொன்பது நிமிடத்தில் பதினைந்து நிமிடம்தான் அறுவடை. 19.4 ஏக்கர் 15.3 ஆகச் சுருங்குகிறது. 30 அடி ஹெட்டரோடு நிற்காமல் ஓடுபவர் 14.5 அறுக்கிறார். கம்பைன் திணறவே இல்லை என்ற கட்டுரையாளரின் கற்பனையை முழுசாக ஏற்றுக்கொண்ட பிறகும் மிச்சமாகும் லாபம் ஒரு ஏக்கர்கூட இல்லை.

பின்னால் போகும் வைக்கோல் அடுத்த ஆண்டுப் பிரச்சினை என்பதாலோ என்னவோ, அதையும் அவர் தொடவில்லை. சஸ்காட்செவனில் பெரும்பாலோர் இப்போது உழுவதில்லை. அறுத்த தாளின் நடுவிலேயே காற்று விதைப்பான் கொண்டு விதைக்கிறார்கள். மண் ஈரத்தைக் காக்கும் வழி அது. அதற்கு முதல் நிபந்தனை, அறுத்த அகலம் முழுவதும் தாளும் பதரும் சமமாகப் பரவ வேண்டும். பழைய இயந்திரத்தின் வைக்கோல் வெட்டி 25 அடிக்கு வீசினால் பெரிது. 40 அடியின் தாளை 25 அடியில் வீசும்போது அந்தப் பட்டையில் ஒன்றரை மடங்குக்கு மேல் குவிகிறது. வெட்டியில் சேராத பதர், சல்லடைக்கு நேர் பின்னால் இன்னும் குறுகலாக விழுகிறது. களை விதையும் தவறிய கோதுமையும் அதோடுதான். வசந்தத்தில் அந்தப் பட்டையின் மண் ஈரமாக, குளிர்ந்து கிடக்கும். விதைப்பானின் தட்டு தாளை வெட்டாமல் மடித்துப் பள்ளத்துக்குள் திணிக்கும், விதை மண்ணைத் தொடாமல் வைக்கோல்மேல் உட்காரும். அழுகும் தாள் மண்ணின் தழைச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். பட்டையில் பயிர் தாமதமாக முளைத்து, தாமதமாக முதிரும். முழு வயலும் அந்தப் பச்சைப் பட்டைக்காகக் காத்திருக்கும். உறைபனி காத்திருக்காது. முதலாண்டு சேமித்ததாகச் சொன்ன அந்த ஒரு நாள் இரண்டாம் ஆண்டு இப்படித்தான் திரும்பிப் போகும்.

சின்ன விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். பயிரைச் சாய்த்துத் தரும் ரீலை முன்பின் நகர்த்த, ஹெட்டரின் கோணத்தை மாற்ற, பெல்ட் வேகத்தைக் கூட்டிக் குறைக்க எல்லாம் ஹைட்ராலிக் வழியும் மின்கம்பியும் வேண்டும். பழைய வண்டியில் அவ்வளவு வழிகள் இல்லை, சுவிட்ச் போட்டு ஒரே வழியைப் பங்கிட வேண்டும். ஃபீடர் ஹவுஸ் இடவலமாகச் சாயும் வசதி பிற்கால மாடல்களில் வந்தது. அது இல்லாத வண்டியின் உடம்பு இரண்டு பாகை சாய்ந்தால் 40 அடி ஹெட்டரின் ஓரம் எட்டு அங்குலம் இறங்கும் அல்லது ஏறும். நெகிழும் டிரேப்பர் அதில் ஒரு பங்கைச் சமாளிக்கும். ஆனால் அந்த மாநிலம் கோதுமை மட்டும் விளைவிப்பதில்லை. நாம் மைசூர்ப் பருப்பு என்று வாங்கும் சிவப்புப் பருப்பு அங்கே பெருமளவில் விளைந்து இந்தியாவுக்கும் வருகிறது. அதன் காய் தரையை ஒட்டித் தொங்கும். எட்டு அங்குலம் என்ன, இரண்டு அங்குலம் பிசகினால் கொஞ்சம் காய் வயலிலேயே தங்கும், அல்லது ஹெட்டர் கல்லை வாரிக்கொண்டு வரும்.

ஹெட்டரை இன்று வாங்கினால் நாளை வாங்கப்போகும் பெரிய கம்பைனுக்கும் பயன்படும் என்கிறார். அவர் சொன்னதிலேயே கேட்கத் தகுந்த வாதம் இது ஒன்றுதான். இணைப்புச் சட்டத்தை மாற்றிக்கொண்டால் ஒரே டிரேப்பர் பல கம்பெனி இயந்திரங்களில் ஏறும், உண்மை. அப்படியானால் அடுத்த ஆண்டே கம்பைனை மாற்றப் போகிறவருக்குச் சொல்லுங்கள். பழைய இயந்திரத்தையே இன்னும் பத்து ஆண்டு ஓட்டுவேன் என்று மார்தட்டும் ஆளை நாயகனாக வைத்துக் கட்டுரை எழுதிவிட்டு, அடுத்த கம்பைனுக்கு உதவும் என்று முடிப்பது எப்படிப் பொருந்துகிறது? விற்பனையாளரின் ஆட்கள் என்று பிறரைச் சாடியவர், பழைய கம்பைனின் மதிப்பையே விழுங்கிவிடக்கூடிய விலையுள்ள ஒரு ஹெட்டரை எல்லார் தலையிலும் வைக்கப் பார்க்கிறார். அந்த ஹெட்டர் மரத்திலா காய்க்கிறது? அதையும் ஒரு விற்பனையாளர்தானே விற்கிறார்.

கட்டுரையின் கடைசிப் பத்தி இல்லாவிட்டால் இது தூரதேசத்து வம்பாகப் போயிருக்கும். நம் ஊர் வாடகை வண்டிக்காரர்களும் பட்டறையில் கொடுத்து வெட்டு முகப்பை அகலமாக்கிக்கொள்ள யோசிக்கலாம் என்று அதில் ஒரு யோசனை. எழுபது குதிரைத்திறன் சுமாருள்ள பெல்ட் வண்டி, சேற்று வயல், பச்சை மாறாத ஈரத் தாள், கைக்குட்டை அளவு வயலும் வரப்பும். கோதுமைத் தாள் காய்ந்து சலசலக்கும் இடத்திலேயே எடுபடாத யுக்தி இது. இங்கே மணிக்கணக்கில் வாடகை கொடுக்கும் விவசாயி, வண்டி நடு வயலில் அடைத்துக்கொண்டு நிற்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பணம் தருகிறார். இரண்டு மீட்டர் என்பது யாரோ கஞ்சத்தனத்தில் வைத்த அளவு அல்ல. உள்ளே அடிக்கும் உருளைக்கும் எஞ்சினுக்கும் பெல்ட் தாங்கும் எடைக்கும் பொருந்த வைத்த அளவு.

9600 வைத்திருப்பவர் டிரேப்பர் வாங்கட்டும், தாராளமாக. 30 அடியில் வாங்கட்டும். எடை குறைந்ததாகப் பார்த்து வாங்கட்டும். சீரான ஊட்டம் கிடைக்கும், குழாய் எட்டும், வைக்கோல் பரவும், அச்சு பிழைக்கும். வறண்ட தென்மேற்கில் மெலிந்த பயிர் மட்டுமே அறுப்பவர் 36 அடி வரை யோசிக்கலாம், தூக்கு சிலிண்டரையும் டயரையும் மாற்றும் செலவைச் சேர்த்துப் பார்த்துவிட்டு.

கட்டுரையாளர் மறுப்பு எழுதப் போவதாக இருந்தால் வசைக்குப் பதில் மூன்று எண்களைத் தரட்டும். பக்கத்துத் தானியக் கிடங்கின் லாரி எடைமேடையில் அந்தக் கம்பைனை ஏற்றி, தொட்டி நிறைய இருக்கையில் முன் அச்சும் பின் அச்சும் தனித்தனியே எவ்வளவு என்பது ஒன்று. ஓடும் வண்டியின் கீழ் தட்டுப் போட்டு எண்ணிய மணிகள், ஹெட்டர் அகலத்துக்கு வகுத்த பிறகு, எத்தனை என்பது இரண்டு. மூன்றாவது, அந்த வயலில் ஏக்கருக்கு எத்தனை புஷல் விளைந்தது என்பது. 2021 அறுவடை மட்டும் வேண்டாம். நல்ல மழை பெய்த ஆண்டு ஒன்றின் கணக்கைக் கொண்டுவாருங்கள், பேசுவோம்.